ஒரு கரண்டி மாவு

"மாவே போடாம இது எப்படிங்க ஒன்னா நிக்கும்?" என்று என் சம்பந்தியம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கேள்வி என்றால் எனக்குத் தின்பண்டம் மாதிரி. ஆனால் அன்றைக்கு வாசலில் பேருந்து வந்து நின்றுவிட்டது. பதில் சொல்லி முடிக்கச் சில மாதங்களும் ஒரு கட்டுக் கடிதங்களும் ஆயின.

அவர் கேட்டது பாதாம் பிஸ்கெட்டைப் பற்றி. என் மகளுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. பிடிக்காது என்பதல்ல, துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். அதனால் பாதாமை அரைத்து, சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்து அவளே பிஸ்கெட் செய்துகொள்வாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் மாமியார் அவளுக்காகத் தன் கையால் செய்தார். முதல் தட்டு எடுக்கும்போதே உடைந்தது. இரண்டாவது தட்டுக்கு ஒரு கரண்டி கோதுமை மாவைச் சேர்த்தார். மகள் சாப்பிட்டாள், மருத்துவமனையில் கிடந்தாள். மருத்துவர் கேட்டபோது சம்பந்தியம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நான் சும்மா பிகு பண்றேனான்னு சோதிச்சுப் பாத்திருக்காங்கம்மா" என்றாள் மகள். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எங்கள் ஊரிலும் ஒரு கிளை உண்டு. மாற்றல் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கூடத்தில் உட்கார்ந்து, திரும்பிப் போனார். அந்த வீட்டுக்கு அவள் இனிப் போவாளா என்று கேட்க எனக்கே தைரியம் இல்லை.

அப்போதுதான் முதல் கடிதம் வந்தது. எழுதியவர்கள் எல்லோரின் சம்மதத்தோடும் இங்கே தருகிறேன்.

ஜனவரி 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என்றைக்கு இருந்தது? உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

போனில் பேசலாம்தான். பேசினால் என் வாய் எங்கேயோ போய்விடும். எழுதும்போது கை கொஞ்சம் யோசிக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பள்ளிச் சீருடைத் தையல் இந்த மாதம் குறைவு. இயந்திரம் இரண்டும் சும்மா இருக்கின்றன. பொழுது போகவில்லை. அந்தப் பாதாம் பிஸ்கெட் எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து எழுதி அனுப்ப முடியுமா? சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் சம்பந்தி

ஜனவரி 20

அன்புள்ள சம்பந்தியம்மா,

கடிதம் கிடைத்தது. அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. முழங்காலுக்கு மேஜை உயரத்தில் வேலை செய்யுங்கள், குனியாதீர்கள்.

தோல் நீக்கிய பாதாம் இரண்டு கோப்பை எடுத்து, நன்றாக உலர்ந்த பிறகு மிக்ஸியில் அரையுங்கள். ஒரே ஓட்டமாக ஓட விடாதீர்கள். விட்டு விட்டு ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். பொடித்த சர்க்கரை முக்கால் கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை. இரண்டு முட்டையின் வெள்ளையை மட்டும் நுரை வரும்வரை அடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசையுங்கள். உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. பட்டர் பேப்பர் மேல் இடைவெளி விட்டு வைத்து, லேசாகத் தட்டி, ஓவனில் மிதமான சூட்டில் ஓரம் மட்டும் பொன்னிறமாகும்வரை விடுங்கள்.

மாவு இல்லாமல் எப்படி நிற்கும் என்று அன்றைக்குக் கேட்டீர்களே. முட்டை வெள்ளை பச்சையாக இருக்கும்போது சுற்றி வைத்த நூல்கண்டு மாதிரி. சூடு பட்டால் அந்த நூல்களே அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணியாகிவிடும். பாதாம் அதற்குள் பொதிந்துகொள்ளும். உங்களுக்குத் துணியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
சம்பந்தி

பிப்ரவரி 6

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். முழங்கால் உங்களுக்கு வணக்கம் சொல்கிறது.

செய்து பார்த்தேன். எனக்கு எதையும் அளந்து பழக்கமில்லை. பிள்ளை வாசலில் வந்து நின்றாலே சட்டை அளவு கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்தத் திமிரில் முட்டையையும் கண்ணால் அளந்தேன். தட்டு முழுக்க ஒரே பாயாகப் பரவிவிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்து, "இதுல எனக்கு ஒரு சட்டை வெட்டலாமே" என்றார். மகன் அதைப் பிய்த்துத் தின்றான். அவன் முன்போல் பேசுவதில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். நான் பாதாம் அரைத்தது வீட்டில் எல்லாவற்றுக்கும் போடுகிற அதே ஜார். கழுவித்தான் போட்டேன். கழுவினால் போதுமா?

உங்கள் சம்பந்தி

பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்தியம்மா,

இங்கே எல்லோரும் நலம். கண்ணாடிக் கடையில் வேலை அதிகம்.

முட்டை வெள்ளை ஒருமுறைக்கு ஒரு கரண்டிதான். போதும் என்று உருண்டை சொல்லும்போது நிறுத்திவிடுங்கள்.

ஜாரைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. பள்ளிக்குப் போன நாட்களில், வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வருவேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கைப்பைக்குள், கண்ணாடி உறைக்குள், ஒருநாள் சாப்பாட்டு டப்பா மூடியில்கூட வெள்ளைத் தூள் இருக்கும். எப்போது போய் உட்கார்ந்தது என்றே தெரியாது. மாவும் அப்படித்தான். ஜார் மூடியின் ரப்பர் வளையத்துக்குள், சல்லடைக் கண்ணில், மரக்கரண்டியின் வெடிப்பில் அது ஒளிந்திருக்கும். உங்களுக்காக மட்டும் செய்வதென்றால் கழுவினால் போதும்.

வேறு யாருக்காவது என்றால் போதாது.

அன்புடன்,
சம்பந்தி

மார்ச் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். வீட்டில் கொஞ்சம் ஒதுக்கும் வேலை இருந்தது. சமையலறை அலமாரியை முழுக்க இறக்கி, சுவரோடு துடைத்து, புதுத் தாள் விரித்தேன். கோதுமை மாவு டப்பாக்களைப் பக்கத்து வீட்டு நர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். புது ஜார், புதுச் சல்லடை, புதுக் கரண்டி. தையல் அறையிலிருந்து சிவப்பு நூல் எடுத்து ஒவ்வொன்றின் காதிலும் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியதை வேறு எதற்கும் யாரும் தொடக்கூடாது.

வீட்டுக்காரருக்குக் காலையில் ரொட்டி இல்லாமல் முடியாது. "அப்போ நான் தெருவுல நின்னு திங்கணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இப்போது வாசற்படியில் நின்றுதான் சாப்பிடுகிறார். போகிற வருகிறவர்கள் எல்லாம் நலம் விசாரிக்கிறார்களாம். கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.

பிஸ்கெட் இப்போது பரவவில்லை. ஆனால் எடுத்தால் பொலபொலவென்று உடைகிறது. வேகவில்லையோ என்று திரும்ப உள்ளே வைத்தால் கல்லாகிவிடுகிறது. "பிஸ்கெட்டா, கோட்டுப் பொத்தானா?" என்கிறார் வீட்டுக்காரர். மகன் இப்போதெல்லாம் ஓவன் சத்தம் கேட்டாலே அலுவலகத்துக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுகிறான்.

எங்கே தப்பு செய்கிறேன்?

உங்கள் சம்பந்தி

மார்ச் 19

அன்புள்ள சம்பந்தியம்மா,

உங்கள் வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்தேன். சிவப்பு நூலைப் பற்றிப் படித்தபோது கடிதத்தைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துவிட்டேன்.

தப்பு செய்முறையில் இல்லை. நீங்கள் சூட்டோடு எடுக்கிறீர்கள். இஸ்திரி போட்ட துணியை உடனே மடித்தால் என்ன ஆகும்? மடித்த இடமெல்லாம் கோடு விழும். கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, ஆறிய பிறகு மடித்தால் போட்டது போட்டபடி நிற்கும். இதுவும் அப்படியே. ஓவனிலிருந்து வரும்போது பிஸ்கெட் மெத்தென்றுதான் இருக்கும். அது வேகாததல்ல, இன்னும் ஆறாதது. உருகிய சர்க்கரையும் பாதாம் எண்ணெயும் இறுகுவதற்கு அதற்கு நேரம் வேண்டும். தட்டிலேயே விட்டுவிடுங்கள். நிமிண்டாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், திருப்பாதீர்கள்.

மாவு அதற்குத் தேவையே இல்லை.

அன்புடன்,
சம்பந்தி

ஏப்ரல் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோரும் சுகமா? வந்துவிட்டது. உடையவில்லை. தட்டை வெளியே வைத்துவிட்டு, கை சும்மா இருக்காது என்று போய் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தேன். திரும்பி வந்து எடுத்தால் அப்படியே முழுசாக வந்தது. வீட்டுக்காரர் இரண்டாவது கேட்டார். அவர் கேலி செய்யாமல் இருந்தால் அதுதான் பரிசு.

மகன் கையில் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டிய பெட்டி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அன்றைக்கும் நான் சூட்டோடுதான் எடுத்தேன். முதல் தட்டு உடைந்தது அதனால்தான். இப்போதுதான் புரிந்தது. இதற்கு மேல் எழுத வரவில்லை.

உங்கள் சம்பந்தி

மே 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மகனைக் கேட்டால், "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்று மட்டும் சொல்கிறான். பெட்டியைப் பற்றிக் கேட்டால் செருப்பைத் தேடுகிறான்.

அனுப்பியது தப்பென்றால் தப்பு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பள்ளி திறக்கும் நேரம், சீருடை குவிந்து கிடக்கிறது. ஆனால் கை ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் தைத்துவிட்டேன்.

உங்கள் சம்பந்தி

மே 22

அன்புள்ள சம்பந்தியம்மா,

நான் நலம். பதில் எழுதாதது என் பிழைதான், உடம்பின் பிழை இல்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் இருந்தேன். இனி மறைக்கவில்லை.

பெட்டி வந்த அன்றே நான் ஒன்று சாப்பிட்டேன். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மென்மை. என்னால் அவ்வளவு நன்றாகச் செய்ய முடியாது. மகள் பெட்டியைத் தொடவில்லை. உங்கள் மகன் எதிரே உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக அவரே தின்று தீர்த்தார், அழுகிறவர் மாதிரி. அவர் போன பிறகு மகள் மேஜையில் உங்கள் கடிதங்களைப் பார்த்துவிட்டாள். "நீ யார் பக்கம்மா?" என்று கேட்டாள். வகுப்பில் கேட்டால் விடை சொல்லிவிடுவேன். வீட்டில் கேட்டால் எங்கே போய் விடை தேடுவது? கடிதங்களை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான். அவள் எடுக்கவில்லை. எடுத்துப் படி என்று நானும் சொல்லவில்லை. நேற்று அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு பார்த்தேன், மார்ச் மாதக் கடிதம் மடிப்பு மாறிக் கிடந்தது.

இன்றைக்கு உங்கள் விலாசத்தில் பின்கோடு என்ன என்று கேட்டாள். சொன்னேன். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அன்புடன்,
சம்பந்தி

மே 23

அத்தைக்கு,

நலம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அம்மாவுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தேன். எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். அடுப்பு மேடையின் மூலையில் சுவரோடு ஒரு விரிசல் இருக்குமே, அதைத் துடைத்தீர்களா? ஓவன் தட்டு பழையதா, புதியதா? மாமா ரொட்டி சாப்பிட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறப்பதுண்டா? கோபத்தில் கேட்கவில்லை. இதையெல்லாம் கேட்காமல் என்னால் எங்கேயும் சாப்பிட முடியாது. கல்யாண வீட்டில், அலுவலக விருந்தில், எங்கே போனாலும் இப்படிக் கேட்டு, எல்லோரும் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பழகிவிட்டேன். உங்கள் வீட்டில் மட்டும்தான் கேட்பதை நிறுத்தியிருந்தேன். அங்கே கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அந்த ஒரு கரண்டி எதற்காக? இதற்குப் பதில் சொன்னால் போதும்.

மருமகள்

ஜூன் 1

என் மருமகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

விரிசலை வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைத்தாகிவிட்டது. மாமாவே அடைத்தார், கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஓவன் தட்டு பழையது. நீ கேட்ட பிறகுதான் தோன்றியது, இன்றைக்கு மாற்றிவிட்டேன். ஆகவே நான் அனுப்பிய பெட்டியை நீ தொடாமல் இருந்ததுதான் சரி. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியாயிற்று, மாமா வெளியே கை கழுவாமல் அதைத் தொடுவதில்லை.

கரண்டிக்குப் பதில். உன்னைச் சோதிக்கவில்லை. இதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனால் நடந்தது இதுதான். பிள்ளைகள் கிழித்துவிடும் என்று நான் எந்தச் சட்டைக்கும் ஒரு தையல் கூடுதலாகப் போடுவேன். யாரும் கேட்க மாட்டார்கள், நானாகப் போடுவேன். அன்றைக்குப் பிஸ்கெட் உடைந்ததும், உனக்கு முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தத் தையலைப் போட்டேன். ஒரு கரண்டி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். நீ சொன்னதைவிட என் நினைப்பைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றேன். நீ கண்ணை மூடியிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. மன்னித்துவிடு என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

இங்கே வந்தால் நீ எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேள். தினமும் கேள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாமா சுளித்தால் அவருக்கு வாசற்படி இருக்கிறது.

அத்தை

ஜூலை 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகம்தானே? உங்கள் பெண் உங்களிடம் என்ன சொன்னாள், என்ன சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. என் பங்குக்கு நான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகனோடு வந்தாள். தங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்கு என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். சரி என்றேன். நேரே சமையலறைக்குப் போய் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நான் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி கதவோரம் நின்றேன். மாமா அடைத்த விரிசலைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கு அந்த விரிசலே அழகா இருந்துச்சு" என்றாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு பேருமாகச் செய்தோம். அவள் அரைத்தாள், நான் உருட்டினேன். தட்டு வெளியே வந்தது. என்னையறியாமல் கை போய்விட்டது சம்பந்தியம்மா, ஒன்றின் ஓரத்தைத் தூக்கிவிட்டேன். அது இரண்டாக உடைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அத்தை. வாங்க, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்."

"முழங்காலு..."

"மெதுவாத்தான் நடப்போம்."

நடந்தோம். என்ன பேசினோம் என்று எழுத மாட்டேன். நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.

திரும்பி வந்தபோது எல்லாம் ஆறி இருந்தது. மற்றதில் ஒன்றுகூட உடையாமல் வந்தது. நல்லதாகப் பார்த்து ஒன்றை அவளுக்கு எடுத்து வைத்தேன். அவள் அதை விட்டுவிட்டு நான் உடைத்த அந்த இரண்டு துண்டையும் எடுத்தாள். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை ஒரு கேள்வியும் கேட்காமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றாள். கண்ணாடிக் கடையில் மாற்றலைப் பற்றி அவளே பேசுவாளாம். எப்போது என்று நான் கேட்கவில்லை. ஆறட்டும்.

உங்கள் சம்பந்தி

கடிதங்கள் இத்தோடு முடிகின்றன. ஆகஸ்டில் என் மகள் தன் பெட்டியைக் கட்டினாள். இப்போதெல்லாம் சம்பந்தியம்மா போனில்தான் பேசுகிறார், வாய் எங்கே போனாலும் அவருக்குக் கவலை இல்லை.

இதைப் படிப்பவர்கள் ஒருநாள் செய்து பாருங்கள். இரண்டு கோப்பை பாதாம், முக்கால் கோப்பை சர்க்கரை, முட்டை வெள்ளை உருண்டை கேட்கும் அளவு. தட்டை ஓவனிலிருந்து எடுத்து மேடையில் வைத்ததும், தொடாமல், தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள்.